எமக்குப் பின் யார்? - பூனாகலையிலிருந்து ஒரு சட்டத்தை வாசித்தல்

ஒரு சட்டத்தின் உள்ளக்கிடக்கையை அறிய விழைவோர் பெரும்பாலும் அதன் உரிமைப் பிரிவுகளையே முதலிற் புரட்டுவர். பொருள்கோடற் பிரிவிலிருந்து தொடங்குவதே பயன் தருவது. யாருக்காகச் சட்டம் எழுந்தது, அவரை அது எத்தகைய மனிதராகக் கற்பனை செய்தது என்பன அங்கேதான் வெளிப்படுகின்றன. மாற்றுத்திறன் கொண்டோரின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் இதற்கு விலக்கன்று. உடல் ஆற்றலிலோ உள ஆற்றலிலோ உள்ள ஒரு குறைபாட்டின் காரணமாக, அது பிறவியிலே வந்ததாயினும் அன்றாயினும், வாழ்க்கைக்கு வேண்டியவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானே தனக்கு உறுதிசெய்துகொள்ள இயலாதவரே அச்சட்டம் கருதும் மனிதர்.

மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வரைவிலக்கணத்திற் பரிவு உண்டு. உடலோடு உள்ளத்தையும் சேர்த்தமையும், பிறவி என்ற சொல்லை வெளிப்படையாகக் கூறியமையும் பாராட்டத்தக்கனவே. எனினும் இதனைப் பதுளை மாவட்டத்துப் பூனாகலைத் தோட்டத்து லயமொன்றின் இஸ்தோப்பில் இருந்து வாசிக்கும்போது ‘தானே’ என்னும் ஒரு சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்குகின்றது. அங்கு நிலம் அரசினுடையது. 1992 ஆம் ஆண்டு தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், அந்நிலம் நீண்டகாலக் குத்தகையிற் கம்பனியின் கையிலுள்ளது. லயக் காம்பராவோ தொழிலோடு ஒட்டி வருவது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்திற் பேர் பதிந்து வேலை செய்தல் வேண்டும் என்பது எழுதியும் எழுதாமலும் நிலவிவந்த வழக்கு. வாழ்க்கைக்கு வேண்டியவற்றுள் முதன்மையானதாகிய கூரையைத் தானே தனக்கு உறுதிசெய்துகொள்ளக் கூடியவர் அந்த லயத்தில் எவர்? நாள்தோறும் கூடை சுமந்து மலையேறும் திடகாத்திரமான பெண்ணும் அல்லள். வரைவிலக்கணத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் லயம் முழுவதுமே அதனுள் அடங்கிவிடும்! சட்டவரைஞர் இதனை எண்ணியிரார். அவர் மனக்கண்ணில் இருந்தது சொந்த வீட்டில் வாழும் ஒரு குடும்பம். அக்குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் ஒரு குறை.

நரம்பியல் வேறுபாடுடைய பிள்ளையின் வருங்காலம் பற்றிய எந்தச் சிந்தனையும் இக்கற்பனையோடு மோதியே ஆகவேண்டும். ஏனெனில் அப்பிள்ளையைப் பெற்றோர் இரவில் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: எமக்குப் பின் யார்? இக்கேள்விக்குப் பணமும் சட்டமும் மனிதர்களும் கூடி விடை தேடும் வழிகள் உலகின் பல இடங்களில் உருவாகியுள்ளன. அவை யாவும் வீடு என்ற ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. பூனாகலையில் வீடே கேள்வியின் முதற் பகுதி.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். லியோ கானர் 1943 இலும் ஹான்ஸ் அஸ்பெர்கர் அடுத்த ஆண்டிலும் விவரித்த குழந்தைமை நிலையைத் தமிழில் ‘மதியிறுக்கம்’ என்று சிலர் வழங்குகின்றனர். சொல்லாக்கம் அழகியதே, ஆயினும் மதி இறுகிவிட்டது என்ற தீர்ப்பைப் பெயரிலேயே ஏற்றிவைக்கும் சொல் அது. ஓட்டிசம் என்று ஒலிபெயர்த்து வழங்குவது இதனினும் நேர்மையானது. பெயர் தெரியாத ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்க மனிதர் கூசார். தீர்ப்பாகிவிட்ட ஒன்றைப் பற்றிக் கேட்கவே கூசுவர். அவுஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998 இல் தமது ஆய்வேட்டில் முன்வைத்த நரம்பியற் பன்மை என்னும் கருத்து, மூளைகள் பலவிதமாக அமைவதை மனித இயல்பின் ஒரு பகுதியாகக் கொள்கின்றது. லயங்களிலோ ‘மந்தம்’ என்றும் ‘பேச்சு வராதது’ என்றும் ‘சாமி பிள்ளை’ என்றும் பெயர்கள் வழங்கக் கேட்கலாம். இவற்றுள் கடைசிப் பெயரில் அன்பு இருக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாமிக்கு எவரும் வருங்காலம் திட்டமிடுவதில்லை.

இது அரிதான நிலையுமன்று. ஹேமமாலி பெரேராவும் உடனாய்வாளரும் இலங்கையின் அரைநகர்ப்புறச் சமூகமொன்றில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு, 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்னும் அளவில் ஓட்டிசம் காணப்பட்டதைக் கூறுகின்றது. குளவி கொட்டும் அட்டை கடிக்கும் மலைச்சரிவிலே பிறந்தால் மட்டும் மூளை வேறு விதமாக அமையாது என்று கருதுவதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

லய வாழ்க்கை இத்தகைய பிள்ளைக்கு எவ்வாறு அமைகின்றது என்பதை இலக்கியமும் ஆய்வும் போதிய அளவு நின்று நோக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. இருபுறமும் பொதுச் சுவர். சுவருக்கு மேலே எல்லோர்க்கும் ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகையும், மறுவீட்டு வானொலியும், தொங்கக் காம்பராவிற் குடித்துவிட்டு வந்தவரின் கூச்சலும் அந்தக் கூரையின் கீழ் ஒன்றாகவே உருண்டோடும். ஒலியைத் தோலில் தீப்பட்டதுபோல உணரும் பிள்ளைக்கு ஒதுங்க ஒரு மூலை கிடையாது. மழை பெய்தால் தகரமே பறையாகின்றது. அப்போது பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகின்றது. அயலார் அதனை அடங்காமை என்கின்றனர். கட்டடத்தின் குறை பிள்ளையின் குணமாகப் பதிவாகும் விந்தை இது. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாட்டை மனிதரின் ஆற்றலுக்குள்ளே வைத்தது. இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயமோ, மனிதரின் நிலையும் சூழலின் தடையும் ஒன்றோடொன்று மோதும் இடத்திலே இயலாமை பிறப்பதாகக் கொள்கின்றது. லயத்தின் தகரக் கூரைக்குப் பொருந்துவது இவ்விரண்டாவது நோக்கே.

இவ்விடத்திலே தோட்டத்திற்கே உரிய ஒரு நிறுவனத்தை நினைவுகூர்தல் வேண்டும். பிள்ளைக்காம்பராவை இழிவாகப் பேசுவது மலையக விமர்சனத்தில் ஒரு மரபாகிவிட்டது. அதற்குக் காரணங்களும் உண்டு. ஆயினும் பெரட்டுக்குத் தாய் போனபின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஒருவரின் பார்வையில் நாள் முழுவதும் இருக்கும் ஏற்பாடு நகரத்து நடுத்தரக் குடும்பங்களுக்குக் கூட வாய்ப்பதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் எந்தப் பிள்ளை திரும்புவதில்லை, எது சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கின்றது, எது பிறர் விளையாட்டில் சேர்வதில்லை என்பவற்றை முதலில் அறிபவர் அங்குள்ள ஆயாவே. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறிப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தரையும் கொண்ட இந்நிலையங்கள், தாம் கண்டதை எழுதி வைப்பதும் அதனைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சேர்ப்பதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்கள் அல்ல. பிறந்தவுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கப்படும் சுகாதார விருத்திப் பதிவேடு தாயின் தகரப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கின்றது. தடுப்பூசித் திகதிகளோடு அது நின்றுவிடுவதுதான் குறை. வருங்காலத் திட்டமிடல் என்னும் பெரிய சொல்லுக்குப் பூனாகலையில் முதல் ஏடு அதுவே.

பணத்தின் பக்கம் வந்தால் வேற்றுமை இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரே மலையில் இரு தந்தையரை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியர்; மற்றவர் தோட்டத்திற் கவ்வாத்து வெட்டுபவர். இருவருக்கும் தாமே உழைத்து வாழ இயலாத ஒவ்வொரு பிள்ளை. ஆசிரியர் மறைந்த பின், பிள்ளை 26 வயதைக் கடந்திருப்பினும், உழைக்க இயலாமை மருத்துவச் சபையால் உறுதிசெய்யப்பட்டால், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் தொடர்ந்து கிடைக்க வழியுண்டு. அரசு தன் ஊழியருக்கு, எமக்குப் பின் யார் என்ற கேள்விக்கு ஒரு விடையேனும் எழுதி வைத்திருக்கின்றது. தோட்டத் தொழிலாளிக்கு உள்ளவை ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலப் பணம் ஆகிய மூன்றே. மூன்றும் ஒரே தடவையில் வந்து ஒரே தடவையில் தீர்ந்துபோவன.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் உரியது. முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 420 நாட்சம்பளம். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா வீதத்திற் கணக்கிடின் 5,67,000 ரூபா. அஸ்வெசும திட்டத்தில் இயலாமையுடையோருக்குரிய மாதக் கொடுப்பனவு 2024 இல் 7,500 ரூபாவாகவும் 2025 வரவு செலவுத் திட்டத்தின் வழி 10,000 ரூபாவாகவும் உயர்ந்தது. மாதம் 10,000 ரூபா வீதம் எடுத்துச் செலவிட்டால் முப்பதாண்டுச் சேவைக்காலப் பணம் ஐந்து ஆண்டுகளைக்கூட எட்டாது. சேமலாப நிதியைப் பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் மீளப் பெறலாம். அவ்வயதிற் பிள்ளைக்கு இருபதோ இருபத்தைந்தோ நடந்துகொண்டிருக்கும். வீட்டில் மூத்த பெண்ணின் கலியாணமும் நடக்கவிருக்கும். அப்பணம் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனை விரயம் என்று கடிந்துரைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பிள்ளையைத் தாய்க்குப் பின் வைத்துப் பார்க்கப்போகின்றவள் பெரும்பாலும் அந்த மூத்த பெண்ணே. அவளுக்கு நல்ல இடத்திற் கலியாணம் செய்துவைப்பதைத் தம்பியின் வருங்காலத்துக்கான முதலீடாகவே தாய் கருதுகின்றாள். அக்கணக்கிற் பிழையில்லை. பிழை, வேறு கணக்கு எதுவும் அவள் முன் வைக்கப்படாமையே.

அண்டை நாட்டில் வேறு கணக்கு ஒன்று வைக்கப்பட்டது. இந்தியாவின் 1999 ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஓட்டிசம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றைப் பெயர் குறித்தே எழுந்தது. பதினெட்டு வயதைக் கடந்தவருக்குத் தேவைப்படின் காப்பாளரை நியமிக்க மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுக்களை அது ஏற்படுத்தியது. நீதிமன்ற வழக்கின்றி, பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அடுத்தவரை நியமித்து வைக்க இது வழி செய்கின்றது. அச்சட்டத்தில் ஓட்டிசம் இடம்பெறுமாறு வாதாடியோருள் ஒருவர், ஓட்டிசமுடைய மகனின் தாயும் 1991 இல் டில்லியிற் பெற்றோர் இயக்கமொன்றைத் தொடங்கியவருமான மெரி பருவா. சென்னையில் 1985 இல் வித்யாசாகர் நிறுவனத்தை ஆரம்பித்த பூனம் நடராஜன் பின்னர் அத்தேசிய அறக்கட்டளைக்கே தலைமை தாங்கினார். அவரும் ஒரு தாய். சட்டம் தாய்மாரின் சமையலறையிலிருந்து புறப்பட்டது என்றால் மிகையன்று. ஆனால் காப்பாளர் முறையிலும் ஓர் ஊறு உண்டு. ஒருவரின் இடத்தில் மற்றொருவர் முடிவெடுப்பதை அது நிலைநாட்டுகின்றது. ஐ.நா. சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை வேண்டுவதோ, அவரே முடிவெடுக்க உதவுவதை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிற் பெற்றோர் போராடிப் பெற்று 2000 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பிரதிநிதித்துவ உடன்படிக்கைச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. தாம் நம்பும் மனிதரைத் தம் துணையாக அவரே தேர்ந்துகொள்ள அது இடமளிக்கின்றது.

இலங்கைச் சட்டத்தில் இவ்விரண்டுக்கும் ஒப்பான ஏற்பாட்டைக் காணமுடியவில்லை. அது ஒரு தேசிய மன்றத்தை அமைத்தது. வேலைவாய்ப்பிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் பாரபட்சம் கூடாது என்றது. மீறப்படின் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்றது. மீறல் நிகழ்ந்த பின் வழக்காடும் மனிதரை அது அறியும். மீறலுக்கு முன்பே அஞ்சும் தாயை அது அறியாது. மேல் நீதிமன்றத்தில் வழக்காடும் மனிதர் யார் என்பதும் கேட்கத்தக்கதே. பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கி அங்கிருந்து பதுளைக்குச் செல்லும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடும் உலகம் அது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் தலைப்பே அவ்வுலகின் நிறைகோலைச் சொல்லிவிடுகின்றது. மருத்துவரிடம் ஒரு நாள், பிரதேச செயலகத்தில் ஒரு நாள், கையொப்பம் இடவேண்டியவர் அன்று வராததனால் மீண்டும் ஒரு நாள் என்று மூன்று பேர் இழந்தவளிடம் உரிமைக்காக வாதாடு என்று கூறுவோர், அந்த மூன்று பேருக்கு யார் ஈடு செய்வது என்பதையும் கூறுதல் வேண்டும். பேச்சு வராத பிள்ளையின் பேச்சைச் சோதிப்பது வீட்டிற் பேசும் மொழியில் நடைபெறவேண்டும் என்பதும் சலுகையன்று. மருத்துவத்தின் அரிச்சுவடியே அது. இதற்கென வாதாடப் பழகிய அமைப்பு மலையகத்தில் இல்லாமலும் இல்லை. தொழிற்சங்கங்கள் அதனையே தலைமுறைகளாகச் செய்து வந்துள்ளன. சம்பள உயர்வு என்ற ஒரே வரியில் அவற்றின் கோரிக்கை சுருங்கிப்போனது வேறு கதை. இத்தகைய பிள்ளையின் பெற்றோருக்கு மருத்துவ நாட்களிற் பேர் வெட்டக்கூடாது என்னும் ஒரு வாசகத்தைச் சேர்ப்பதற்குக் கம்பனி நொடித்துவிடாது.

லயத்தின் கூட்டு வாழ்வே பாதுகாப்பு என்னும் வாதம் ஒன்று உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிவர்; பிள்ளை எங்கு ஓடினாலும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவருவர். உண்மையே. வெளிநாட்டு நூல்கள் துணை வட்டம் என்று பாடம் நடத்துவதை லயம் பாடமின்றிச் செய்துவருகின்றது. ஆனால் அவ்வட்டத்தில் உள்ளோர் இன்று கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கு வீடுகளிலும் சிதறியுள்ளனர். எஞ்சியிருப்போர் முதியோர். எந்தக் கோப்பையிற் கொடுத்தால் பிள்ளை குடிக்கும், எந்தச் சத்தத்துக்கு அஞ்சும், வலித்தால் எப்படிக் காட்டும் என்ற அறிவு ஒரு பாட்டியின் நெஞ்சில் மட்டும் இருக்கின்றது. அவளோடு அது போய்விடும். மேலைநாட்டுப் பெற்றோர் விருப்பக் கடிதம் என்று எழுதி வைக்கும் ஆவணத்திற்கு இங்கு ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி போதும். பாட்டி சொல்ல, பாடசாலை செல்லும் பேரப்பிள்ளை எழுதலாம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஆறு. திருமுருகனின் முயற்சியால் 2004 இல் எழுந்த சிவபூமிப் பாடசாலை, தமிழ்ச் சமூகம் இத்தகைய பிள்ளைகளுக்காகக் கட்டடமே எழுப்ப வல்லது என்பதைக் காட்டியது. ஊவாவின் பொருள்வளம் வேறு. கொப்பி வாங்கும் வளமேனும் உண்டு.

ஆயினும் கொப்பியும் பதிவேடும் பெட்டியோடு மண்ணுக்குள் போகலாம். இது அணிக்காகச் சொல்லப்பட்டதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச் மாதம் பூனாகலையின் கபரகலைப் பிரிவிலேயே மண் சரிந்தது. வீடிழந்த குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்திற் தங்கவைக்கப்பட்டன. நாள்தோறும் அதே இடம், அதே பாய், அதே ஒழுங்கு என்பதிலேயே உயிர் தரித்திருக்கும் பிள்ளைக்கு நூற்றுக்கணக்கானோர் நெருங்கிய மண்டபம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரையின் கீழ் ஒரு மூலை இல்லாதிருந்தது. மண்டபத்தில் அந்தக் கூரையும் தன்னுடையதில்லை. சமவாயத்தின் 11 ஆம் உறுப்புரை அனர்த்த வேளைகளிற் பாதுகாப்பை அரசின் கடமையாக்குகின்றது. ஒவ்வொரு பிரிவிலும் இத்தகைய பிள்ளைகள் எந்தக் காம்பராவில் உள்ளனர் என்ற பட்டியலும், தங்குமிடத்தில் ஓர் ஒதுக்கறையும் அக்கடமையின் மிகச் சிறிய அளவுகள்.

ஆகவே வாதம் மீண்டும் வீட்டுக்கே வந்து சேர்கின்றது. பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாயிருந்த சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்னும் திட்டமும் அக்காலப் பகுதியிலே நடைமுறைக்கு வந்தது. பொதுச் சுவரற்ற வீடு என்பது ஒலிக்கு அஞ்சும் பிள்ளைக்கு எந்த மருந்தினும் மேலான மருந்து. அதன் உறுதிப்பத்திரமோ, தோட்டத்தில் வேலை செய்ய இயலாதவர் கூடத் தம் கூரையின் கீழ் முதுமை அடையலாம் என்பதற்குக் கிடைத்த முதல் ஏடு. அதனை வழங்கும் மேடைகளில் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயரே வாசிக்கப்படுகின்றது. அவருக்குப் பின் அக்காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும். விற்க விரும்புவோரும் அவர்களுள் இருப்பர். பேசாத பிள்ளையின் சம்மதத்தை எவரும் கேளார். தன் ஆயுள் வரை அவ்வீட்டில் வாழும் உரிமையை அப்பிள்ளைக்கு ஒதுக்கி உறுதியிலேயே ஒரு வரி எழுத நொத்தாரிசுக்கு அரைமணி நேரம் போதும். அந்த வரியைக் கேட்டு வாங்கவேண்டும் என்று உறுதி பெறும் நாளில் அத்தாயிடம் சொல்வதற்கு மேடையின் கீழே யாராவது நிற்கின்றனரா என்பதுதான் இப்போதுள்ள கேள்வி.